வத்திராயிருப்பு தந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன்

ராமன் விளைவைக் கண்டவர் யார் என்று கேட்டால் ஆரம்பப்பள்ளி மாணவனும் பதில் சொல்லிவிடுவான். 1928 பிப்ரவரியில் கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் சர் சி. வி. ராமனுடன் இரவு பகலாக உழைத்த இன்னொரு தமிழரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். இங்கே ஜொகூரில் அறிவியல் பயிலும் நம் நண்பர்களில் பலரும் விழிப்பார்கள்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ஆம் நாள் திருவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியிலும் படித்தார். 1923-இல் ராமனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். புதிய ஒளிச்சிதறலை உலகுக்கு அறிவித்த முதல் கடிதம் 1928 மார்ச் 31 'நேச்சர்' இதழில் இருவர் பெயரிலும் வெளிவந்தது. 1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. வழிநடத்தியவர் ராமன்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் கிருஷ்ணனை நாம் இவ்வளவு மறந்திருக்க வேண்டாம்.

அவர் அங்கேயே தேங்கி நிற்கவில்லை. 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்று புதிய துறையைத் தொட்டார். சிறு படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப்புலத்தில் தொங்கவிடுவார். படிகம் திரும்பும் அளவைக் கொண்டு, எந்தத் திசையில் அதன் காந்தத்தன்மை எவ்வளவு என்று கணக்கிடுவார். சில உப்புகளில் இந்தக் காந்தத்தன்மைக்குக் காரணம் இணை சேராத எலக்ட்ரான்களே. சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம் அவற்றை எப்படிப் பாதிக்கிறது என்பதை அந்த அளவீடுகள் காட்டின.

கணினித் துறை மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். கிருஷ்ணன் கோடானுகோடி எலக்ட்ரான்களின் கூட்டு விளைவை அளந்தார். இன்று சிலிக்கன் சில்லின் மேலுள்ள மின்வாய்களுக்கு மின்னழுத்தம் கொடுத்து, சில பத்து நானோமீட்டர் அகலமே உள்ள இடத்தில் ஒரே ஒரு எலக்ட்ரானை அடைக்கிறார்கள். அதுவே குவாண்டம் புள்ளி. காந்தப்புலத்தில் அந்த எலக்ட்ரானின் தற்சுழற்சி மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். இதைக் கணிப்புக்குப் பயன்படுத்தும் யோசனையை லாஸ், டிவின்சென்சோ என்னும் இருவர் 1998-இல் வெளியிட்டனர். சிலிக்கனில் இத்தகைய இரு எலக்ட்ரான்களை இணைத்து இயக்கிக் காட்டியது சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம், 2015-இல். இங்கும் சுற்றுப்புறமே பெரிய தலைவலி. இயற்கைச் சிலிக்கனில் ஏறத்தாழ 4.7 விழுக்காடு சிலிக்கன்-29. அதன் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம்போல் எலக்ட்ரானின் நிலையைக் குலைத்துவிடும். ஆகவே சிலிக்கன்-28-ஐப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துகிறார்கள். சிலிக்கன் படிகம் இழுபட்டிருக்கிறதா என்று சோதிக்க உதவுவதோ அதே ராமன் சிதறல்!

1933-இல் கல்கத்தா திரும்பிய கிருஷ்ணன் 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். இத்தனைக்கும் நடுவே தமிழ், சமஸ்கிருத இலக்கியங்களிலும் தோய்ந்திருந்தார். 1961 ஜூன் 14-ஆம் நாள் அவர் மறைந்தபோது, சிலிக்கன் சில்லு என்பதே அப்போதுதான் பிறந்திருந்த குழந்தை.