காசுகளை எடைபோட்ட கணிதப் பேராசிரியர்

பண்டைய இந்தியாவின் வெள்ளி முத்திரைக் காசுகளில் மன்னர் பெயரோ ஆண்டோ கிடையாது. சூரியன், யானை, குன்று போன்ற சின்னங்களே உண்டு. அவற்றின் காலவரிசையைத் தராசின் துணையுடன் தேடியவர் டி.டி. கோசாம்பி.

1907இல் கோவாவில் பிறந்து, ஹார்வர்டில் பயின்ற அவர் தொழிலால் கணிதவியலாளர். கைமாறும் காசு தேய்ந்து எடை குறையும் என்பது எந்த வணிகருக்கும் தெரிந்ததுதான். அந்தத் தேய்மானத்தைப் புள்ளியியல் முறையில் அளந்தால் காசுகளின் வயதை வரிசைப்படுத்தலாம் என்று 1940களில் அவர் வாதிட்டார். தட்சசீலப் புதையல் காசுகளின் எடைகளை ஆராய்ந்தார். பின்புறச் சிறு முத்திரைகள் கூடக்கூடச் சராசரி எடை குறைந்தது. அவை அரசு இட்டவையல்ல, வணிகர்கள் சோதித்து இட்ட அடையாளங்கள் என்றார்.

சின்னங்களைக் கொண்டு அவர் மன்னர்களை இனங்கண்டதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. எடை குறித்த வாதம் அதைவிட வலுவானது.

1962இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவரது பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 1966இல் புனேயில் காலமானார். நாணயவியல் கட்டுரைகள் 1981இல்தான் நூலாகத் தொகுக்கப்பட்டன.