கேமரா இல்லாமல் போட்டோ எடுத்த அன்னா அட்கின்ஸ்



நம் சுற்றுச்சூழல் மன்றத்தில் போட்டோ புராஜெக்ட் அறிவித்ததும், போன் இல்லாத சிலர் பேர் கொடுக்காமல் ஒதுங்கிக்கிட்டாங்க. இந்த மாதக் கட்டுரை முக்கியமாக அவங்களுக்காக. ஏன்னா, உலகத்திலேயே முதன்முதலில் போட்டோக்களை வைத்துப் புத்தகம் செய்தவர் அந்தப் படங்களுக்குக் கேமராவைத் தொடவே இல்லை! அவர்தான் அன்னா அட்கின்ஸ்.

இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் 1799 மார்ச் 16-ல் அன்னா பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. வளர்த்தது அப்பா. அவர் பெயர் ஜான் ஜார்ஜ் சில்ட்ரன். பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி. பொம்பளைப் பிள்ளைக்கு அறிவியல் எதுக்கு என்று கேட்ட காலம் அது. அந்த அப்பா அப்படி நினைக்கவில்லை. தனக்குத் தெரிந்ததை எல்லாம் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். லாமார்க் என்ற பிரெஞ்சு அறிஞர் சிப்பி, சங்குகளைப் பற்றி எழுதியதை அவர் மொழிபெயர்த்தபோது, அதற்கு 200-க்கும் மேற்பட்ட படங்களை வரைந்து கொடுத்தவர் அன்னாதான். அந்த நூல் வந்தது 1823-ல். அப்போது அவருக்கு வயது 24.

1825-ல் ஜான் பெல்லி அட்கின்ஸ் என்பவரோடு திருமணம் நடந்தது. அதற்குப் பிறகும் அன்னா சும்மா இருக்கவில்லை. செடிகளைச் சேகரித்தார், தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்துப் பத்திரப்படுத்தினார். அந்நாளில் பெரிய அறிவியல் சங்கங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாது. லண்டனின் ராயல் சொசைட்டி பெண்களை உறுப்பினராக ஏற்றதே 1945-ல்தான்! ஆனால் லண்டன் தாவரவியல் சங்கம் பெண்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. 1839-ல் அன்னா அதில் உறுப்பினரானார்.

அவருக்கு மிகவும் பிடித்தது கடற்பாசி. 1841-ல் வில்லியம் ஹார்வி என்பவர் பிரிட்டன் கடற்பாசிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நல்ல நூல்தான், ஆனால் படமே கிடையாது. தலைமுடி மாதிரி மெல்லிசாக இருக்கும் பாசியை எழுத்தில் படித்து எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? வரையலாம் என்றால் அத்தனை நுணுக்கமும் கையில் வராது. நன்றாக வரையத் தெரிந்த அன்னாவுக்கே அது சவாலாக இருந்தது.

அடுத்த வருஷமே வழி கிடைத்தது. குடும்ப நண்பரான ஜான் ஹெர்ஷல் 1842-ல் சயனோடைப் என்ற முறையைக் கண்டுபிடித்தார். ரொம்ப எளிமையானது. இரும்பு கலந்த இரண்டு ரசாயன உப்புகளின் கரைசலைத் தாளில் பூசி, இருட்டில் காயவைக்கணும். அதன்மேல் செடியை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்டணும். பிறகு வெறும் தண்ணீரில் அலசினால் போதும். வெயில் பட்ட இடம் கருநீலமாகும். செடி மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். பிற்காலத்தில் என்ஜினியர்கள் கட்டட வரைபடங்களை இதே முறையில்தான் நகல் எடுத்தார்கள். புளூபிரிண்ட் என்ற சொல் அந்த நீலத்திலிருந்து வந்ததுதான்.

1843 அக்டோபரில் அன்னாவின் கடற்பாசிப் புத்தகத்தின் முதல் பகுதி வெளிவந்தது. புகழ்பெற்ற டால்பாட்டின் போட்டோ புத்தகம்கூட 1844-ல்தான் வந்தது. இன்னொரு விஷயம் தெரியுமா? அன்னாவின் புத்தகத்தில் அச்செழுத்தே இல்லை. முன்னுரையும் பாசிகளின் பெயர்களும் அவர் கைப்பட எழுதியவை. அந்தக் கையெழுத்தையும் வெயில்தான் படி எடுத்தது. நம் சுவர்ப் பத்திரிகைக்கு அவர் ஒரு வகையில் பாட்டி முறை!

இந்த வேலை பத்து வருஷம் நடந்தது. ஒரு முழுப் பிரதியில் சுமார் 400 படங்கள். பத்துக்கும் மேற்பட்ட பிரதிகள். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக வெயிலில் வைத்து எடுக்கணும். கணக்குப் போட்டுப் பாருங்க, அதுவும் அடிக்கடி மேகம் மூடும் இங்கிலாந்தில்!

நடுவில் 1852 ஜனவரி 1-ல் அப்பா இறந்துபோனார். அன்னா உடைந்துவிட்டார். சிறுவயதுத் தோழி ஆன் டிக்சன் வந்து கூடவே இருந்தார். தோழிகள் இருவரும் சேர்ந்து பெரணிச் செடிகளைப் படமெடுத்தார்கள். அப்பாவின் வாழ்க்கையையும் அன்னா எழுதி முடித்தார். 1853-ல் கடற்பாசி நூலும் நிறைவு பெற்றது. தான் சேர்த்த செடிகளை 1865-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். 1871 ஜூன் 9-ல், 72-ஆம் வயதில் காலமானார்.

வருத்தமான செய்தி இனிமேல்தான். அந்தப் புத்தகத்தில் அவர் தன் முழுப் பெயரைப் போடவில்லை. ஏ.ஏ. என்று இரண்டு எழுத்து மட்டும்தான். அவர் இறந்த பிறகு அது யார் என்றே தெரியாமல் போனது. பெயர் சொல்ல விரும்பாத யாரோ ஒருவர் என்றுகூட அந்த எழுத்துகளுக்கு விளக்கம் சொன்னார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஒருவர் தேடி விசாரித்து உண்மையைக் கண்டுபிடித்தார். 1985-ல் லாரி ஷாஃப் எழுதிய நூலுக்குப் பிறகுதான் உலகம் அன்னாவைச் சரியாக அறிந்தது. இன்று அவருடைய பிரதிகளை லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய நூலகங்கள் பொக்கிஷமாகப் பாதுகாக்கின்றன.

ஆகவே நண்பர்களே, போன் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். நம் வேதியியல் ஆய்வகம் இருக்கு, ஆசிரியர் உதவி இருக்கு, வெயிலுக்கோ நம் ஊரில் பஞ்சமே இல்லை! செடியிலிருந்து பறிக்காதீங்க, கீழே உதிர்ந்த இலை போதும். படத்துக்கு அடியில் மரத்தின் பெயர், எடுத்த இடம், தேதி மூன்றையும் எழுதுங்க. நாளைக்கு அந்த மரம் இல்லாமல் போனாலும் அது இங்கே நின்றது என்பதற்கு அந்தத் தாள் சாட்சி சொல்லும்.

கடைசியாக ஒன்று. கூச்சப்படாமல் உங்கள் முழுப் பெயரையும் எழுதுங்க!