வள்ளிக்கு மணம் முடித்த துறவி



நம் மன்றத்தின் ஆண்டு விழாவில் 'வள்ளி திருமணம்' நடிப்பதென்று முடிவாயிற்று. ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் நாடகம் அது. நமக்குக் கிடைத்ததோ நாற்பது நிமிடம். சுருக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எதை வெட்டுவது, எதை விடுவது என்று விளங்கவில்லை. தாராவியில் வாழும் என் தாத்தாவிடம் போனேன். அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடித் தோல் பட்டறைக்கு வந்தவர். வள்ளி நாடகப் பாட்டுகளை இன்றும் முணுமுணுப்பவர். எழுதியவரைத் தெரிந்துகொண்டு பிறகு கத்தரியை எடு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படித்தான் சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். வெண்பாவும் சந்தமும் அவருக்குக் கைவந்தன. ஆயினும் வயிற்றுப்பாட்டுக்கு உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுத வேண்டியிருந்தது. இருபத்து நான்காம் வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார். நாடகக்காரன் என்றால் வீட்டுத் திண்ணையிலும் இடம் கொடுக்கத் தயங்கிய காலம் அது!

இரணியன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் அவர் பெயர் பெற்றார். அவ்வேடங்கள் கண்டோரை அளவுக்கு மீறி அச்சுறுத்தியதே அவர் நடிப்பை விட்டதற்குக் காரணம் என்பர். மணம் செய்துகொள்ளாமல் துறவு பூண்டு தலங்கள்தோறும் சுற்றினார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகனைப்போல் ஏற்று, மீண்டும் நாடகத்தின் பக்கம் திருப்பினார்.

அந்நாளில் நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசி மேடையை நிரப்புவதுண்டு. சுவாமிகள் அவர்களுக்கு வரையறுத்த வசனமும் பாட்டும் எழுதித் தந்தார். பெரியவர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்காதபோது சிறுவர்களைக் கொண்டு குழு அமைத்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையையும் நடத்தினார். கிட்டப்பாவும் டி.கே.எஸ். சகோதரர்களும் அவரிடம் பயின்றவர்களே. சிறுவன் சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார்.

1921இல் பக்கவாதம் தாக்கியது. ஓர் இரவில் ஒரு நாடகம் தந்தவர் பேச்சிழந்து கிடந்தார். 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார்.

காதலை அறியாத துறவியா வள்ளியின் காதலை எழுதினார்? இதுதான் என்னை வியக்க வைத்தது. கதை கந்தபுராணத்தில் உள்ளதுதான். தினைப்புனம் காக்கும் குறமகளைத் தேடி முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகித் தள்ளாடுகிறான். நாம் சிரிக்கிறோம். ஆனால் அவனுக்கு வள்ளி எளிதில் இணங்குவதில்லை. வந்தவன் கேட்கும் கேள்விக்கெல்லாம் பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் திருப்பித் தருகிறாள். இந்த வாதத்தை மேடையார் தர்க்கம் என்பர். தெய்வமே ஆனாலும் பெண்ணின் மனத்தைக் கேட்டுத்தான் பெறவேண்டும் என்பதை இந்தத் தர்க்கம் உணர்த்துகிறது.

1786இல் வியன்னாவில் அரங்கேறிய மோட்சார்ட்டின் 'பிகாரோவின் திருமணம்' இன்று புதிய உடையில் புதிய காட்சியோடு நடிக்கப்பட்டாலும் இசை பழைய இசையே. நம் வள்ளியோ நடிகரின் நாவை நம்பி வாழ்கிறாள். நாவில் தமிழ் இருந்தால் தர்க்கம் மணக்கும். இல்லையென்றால் இரட்டைப் பொருள் பேச்சாகிச் சீரழியும். சுவாமிகள் வாழ்நாள் முழுதும் போராடியது இந்தச் சீரழிவோடு அன்றோ?

ஆகவே நாரதர் வருகையைச் சுருக்கினேன். பபூனை வெட்டினேன். யானையையும் ஒலிபெருக்கியில் ஒரு பிளிறலோடு நிறுத்திக்கொண்டேன். தர்க்கத்தில் கைவைக்கவில்லை. வள்ளியாக நடிப்பவள் செம்பூரில் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. பாடத்தைத் தேவநாகரியில் எழுதி மனப்பாடம் செய்கிறாள். மாதுங்காவிலிருந்து ரயிலில் போகும்போது முருகனின் கேள்விகளை நான் கேட்பேன். அவள் பதில் சொல்வாள். முதல் வாரம் தடுமாறினாள். இப்போது நான்தான் தடுமாறுகிறேன்.

விழாவன்று தாத்தாவுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் வாருங்கள்.