சிரித்தார்கள், அப்புறம் வழக்கு போட்டார்கள்

பித்தப்பையில கல்லுன்னா இப்போ வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, பையையே எடுத்துடறாங்க. பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துடறாங்க. இதை முதன்முதலில் செய்தவர் ஜெர்மனியின் போப்லிங்கன் ஊர் சர்ஜன் எரிக் மியூஹே.

1938ல் பிறந்தவர். அவர் படித்த காலத்தில் வலது விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழிக்கிறதுதான் ஒரே வழி. 1882ல் பெர்லினில் லாங்கன்பூக் தொடங்கியது, நூறு வருஷமா அப்படியே இருந்தது. 1980ல் கீல் நகரில் குர்ட் செம் என்ற மகப்பேறு டாக்டர் லேப்ராஸ்கோப் வழியா குடல்வாலை எடுத்தார். குடல்வால் முடியும்னா பித்தப்பை ஏன் முடியாது? மியூஹே சும்மா யோசிக்கல, கருவியையே டிசைன் பண்ணினார் (நம்ம ஆளு!). பக்கவாட்டில் பார்க்கும் லென்ஸ், கருவி நுழைய ஒரு குழாய், வாயு வெளியேறாமல் இருக்க வால்வு. பெயர் காலோஸ்கோப். 1985 செப்டம்பர் 12 அன்று முதல் ஆபரேஷன்.

அடுத்த வருஷம் ஜெர்மன் சர்ஜன்கள் மாநாட்டில் சொன்னார். கேலிதான் கிடைத்தது. 1987 மார்ச்சுக்குள் 94 பேருக்குச் செய்திருந்தார். பிறகு ஒரு நோயாளி இறந்துபோக, அவர் மேல் வழக்கு. 1990ல்தான் அதிலிருந்து விடுபட்டார். கேலி செய்தது அநியாயம். ஆனா ஒரு உயிர் போனபின் கேள்வி கேட்டதைத் தப்புன்னு என்னால சொல்ல முடியல.

ஏன்னா இந்த முறையில் ஆபத்து நிஜம். கல்லீரலில் இருந்து குடலுக்குப் போகும் பொதுப் பித்தநாளம் பித்தப்பையின் நாளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கு. திரையில் ஆழம் தெரியாது, விரலால் தொட்டுப் பார்க்கவும் முடியாது. அழற்சியில் எல்லாம் ஒட்டிக்கிடந்தா, இதை அதுன்னு நினைச்சு வெட்டிடலாம். வெட்டினா பித்தம் கசியும், மஞ்சள்காமாலை வரும், மறுபடி பெரிய ஆபரேஷன். 1990களில் எல்லோரும் அவசரமாக இதைக் கற்றபோது, திறந்த முறையில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த இந்தக் காயம் நான்கைந்து வரை போனது. 1995ல் ஸ்ட்ராஸ்பர்க் குழு ஒரு விதி சொன்னது: கொழுப்பையெல்லாம் விலக்கி, பைக்குள் இரண்டே குழாய்கள் போவது தெளிவாகத் தெரிந்தபின்தான் வெட்டணும். தெரியலைன்னா வயிற்றைத் திறந்து செய்வதும் சரியான முடிவே.

இதற்குள் புகழ் வேறு பக்கம் போயிருந்தது. 1987ல் லியோனில் மூரே செய்ததையே உலகம் முதல்னு நம்பியது. சிரித்த அதே ஜெர்மன் சங்கம் 1992ல் மியூஹேவுக்கு விருது கொடுத்தது. அமெரிக்க சர்ஜன்கள் சங்கம் ஒன்று 1999ல் முதல்வர் அவர்தான்னு ஏற்றது. 2005ல் இறந்தார்.