இடிபாடுகளுக்கு நடுவே நீண்ட இரண்டு கைகள்

2009ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாமில், தறப்பாள் கொட்டிலுக்குள் அம்மா இரவிரவாக விழித்தபடி இருப்பார். தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சாப்பாட்டுக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை என்று பகல் எப்படியோ போய்விடும். இரவைத்தான் கடக்க முடியாது.

பக்கத்துக் கொட்டிலில் ஓர் அக்கா இருந்தார். கணவரைப் பறிகொடுத்தவர். அவரது தோளிலேயே ஷெல் பீஸ் ஒன்று எடுக்கப்படாமல் இருந்தது. ஒருநாள் இரவு அவர் வந்து, அம்மாவின் உச்சியில் ஒரு கையையும் நெஞ்சில் ஒரு கையையும் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தார். அன்று அம்மா விடியும்வரை உறங்கினார். யுத்தத்துக்கு முன்னர் கொழும்பில் வேலை செய்தபோது கற்றுக்கொண்டதாகவும், ரெய்கி என்பது அதன் பெயர் என்றும் அக்கா சொன்னார்.

அம்மா உறங்கியது அந்தக் கைகளின் சக்தியாலா, தன்னையும் ஒருவர் தொட்டு ஆறுதல்படுத்தினாரே என்ற நிம்மதியாலா என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் அந்தக் கைவைத்தியத்தை உலகுக்குத் தந்தவர் யார் என்று அறியும் ஆவல் என்னை விடவில்லை. பல ஆண்டுகளின் பின்னர் அவரது வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். எங்களைப் போலவே அழிவின் நடுவில் நின்ற ஒரு மனிதர் அங்கே இருந்தார்.

தோல்விகளோடு வந்த மனிதர்

மிக்காவோ உசுயி 1865ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி ஜப்பானின் கிபு மாகாணத்தில் உள்ள தனியாய் என்ற கிராமத்தில் பிறந்தார். பழைய போர்வீரர் குலம் ஒன்றின் வழிவந்த குடும்பம். ஆனால் அவர் வளர்ந்த காலத்தில் அந்தக் குலப்பெருமைக்கு மதிப்பு இருக்கவில்லை. ஜப்பான் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. வாளை நம்பி வாழ்ந்தவர்கள் புதிய பிழைப்பைத் தேட வேண்டியிருந்தது.

உசுயி ஓயாத வாசகர். வரலாறு, மருத்துவம், உளவியல், பௌத்த நூல்கள், கிறிஸ்தவ வேதம், சோதிடம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். சீனாவுக்கும் மேற்கு நாடுகளுக்கும் போய்வந்தார். சடாக்கோ என்ற பெண்ணை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். இத்தனை திறமை இருந்தும் காலம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. எடுத்த காரியங்கள் சறுக்கின. பலமுறை வறுமையில் விழுந்தார். அவருடைய மாணவர்கள் பின்னர் எழுப்பிய நினைவுக்கல்லே இதை மறைக்காமல் சொல்கிறது. குருவைப் புகழ எழுப்பிய கல்லில் அவரது தோல்விகளையும் பொறித்து வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய பின்னர் அவர் கியோத்தோ நகருக்கு வடக்கே உள்ள குராமா மலைக்குப் போனார். அங்கே 21 நாட்கள் உண்ணாநோன்பு இருந்து தியானித்தார். கடைசி நாளில் தலைக்கு மேலே ஒரு பெரும் சக்தியை உணர்ந்ததாக அவரது மாணவர்கள் நம்புகிறார்கள். மலையிலிருந்து இறங்கியவர் முதலில் தன்மீதும் பிறகு தன் குடும்பத்தார்மீதும் கைவைத்துப் பார்த்தார். பலன் தெரிந்ததும், இதைத் தன் குடும்பத்தோடு மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவெடுத்தார். 1922 ஏப்ரலில் டோக்கியோவின் ஹராஜுக்கு பகுதியில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். வாசலில் கழற்றி வைத்த செருப்புகள் நிரம்பி வழியும் அளவுக்கு ஆட்கள் வந்தார்கள்.

நகரம் எரிந்த நாள்

1923 செப்டெம்பர் 1ஆம் திகதி, நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பூமி குலுங்கியது. வீடுகளில் மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். மரவீடுகள் சரிந்து தீப்பற்றின. பலத்த காற்று தீயைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது. டோக்கியோவும் யொக்கோஹாமாவும் எரிந்தன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஹொஞ்சோ பகுதியில், பழைய இராணுவ உடைத் தொழிற்சாலை இருந்த வெறும் வளவு பாதுகாப்பானது என்று நம்பி மூட்டைமுடிச்சுகளோடு கூடிய மக்களைத் தீச்சுழல் சூழ்ந்தது. அந்த ஒரே இடத்தில் சுமார் 38 ஆயிரம் பேர் எரிந்து போனார்கள். பாதுகாப்பான இடம் என்று நம்பி ஓடி, அங்கேயே உறவுகளைப் பறிகொடுத்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் நடந்தது. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. காவல் குழுக்கள் என்ற பெயரில் தடிகளோடும் வாள்களோடும் தெருவில் இறங்கியவர்கள், பேச்சு உச்சரிப்பை வைத்து ஆட்களை அடையாளம் கண்டு கொன்றார்கள். ஆயிரக்கணக்கான கொரியர்கள் அப்படி இறந்தார்கள். 1983 ஆடியில் ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லவைத்து ஆட்களைப் பிரித்ததைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது கடினமாக இருந்தது.

அந்த நகரத்தில்தான் உசுயி தினமும் காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தெருக்கள் எங்கும் காயப்பட்டவர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். அவர் போய் அவர்களருகில் குந்தி, கைகளை வைத்தார். அவரிடம் களஞ்சியமோ மருந்துப்பெட்டியோ இருக்கவில்லை. இருந்தவை இரண்டு கைகளும் நேரமும்தான். எண்ண முடியாத அளவு பேரை அவர் அப்படித் தொட்டார் என்று அந்த நினைவுக்கல் சொல்கிறது.

வைத்தியர்களும் மருந்தும் இல்லாமல் காயத்தை ஆற்ற முடியாது. ரெய்கி சொல்லும் சக்தி என்று ஒன்று உண்டு என்பதை அறிவியல் இதுவரை நிறுவவில்லை. நோய்க்கு வைத்தியசாலையை விட்டுவிட்டு இதை நம்புவது ஆபத்து. எங்கள் அம்மாவும் பிரஷர் குளிசையை ஒருநாளும் நிறுத்தியதில்லை. அந்த அக்காவே அதைக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் சாம்பல் மேட்டில் தனியே கிடப்பவருக்கு, தன்னை ஒரு மனிதராக மதித்து இன்னொருவர் தொடுவது எவ்வளவு பெரிய விடயம் என்பதை ஆய்வு செய்துதான் அறிய வேண்டும் என்றில்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் திருநீறு போட்டு நெற்றியைத் தடவிவிடும் அம்மம்மாமாருக்கு அது தெரியும்.

இன்றைக்கு மட்டும்

உசுயி தன் மாணவர்களுக்குக் கொடுத்த ஒழுக்கம் மிக எளிமையானது. கோபப்படாமல், கவலையில் அமிழாமல், நன்றியோடு, தன் வேலையை ஒழுங்காகச் செய்து, பிறரிடம் அன்பாக இருக்க வேண்டும். இவற்றையும் வாழ்நாள் முழுவதற்குமாக அவர் கேட்கவில்லை. இன்றைய ஒரு நாளுக்கு மட்டும் என்றுதான் கேட்டார். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாயிடம் இனிமேல் கவலைப்படாதே என்று சொல்வது கொடுமை. இன்று ஒருநாளைக் கடந்துவிடு என்று சொல்வதில் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது.

நிலநடுக்கத்தின் பின்னர் அவரைத் தேடி வந்தோர் தொகை பெருகியது. 1925இல் நக்கானோவில் பெரிய இடத்துக்கு மாறினார். ஊர் ஊராக அழைத்தார்கள். குரே, ஹிரோஷிமா, சாகா என்று போனவர், ஃபுக்குயாமாவில் நோயுற்று 1926 மார்ச் 9ஆம் திகதி காலமானார். அப்போது வயது 60. 1927இல் டோக்கியோவின் சைஹோஜி கோயில் மயானத்தில் அவருக்கு மாணவர்கள் நினைவுக்கல் எழுப்பினார்கள்.

அவரது மாணவர்களில் ஒருவரான முன்னாள் கடற்படை அதிகாரி சுஜிரோ ஹயாஷியிடம் 1930களில் ஹவாயோ தக்காத்தா என்ற பெண் வந்தார். ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். கணவரை இழந்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு, உடலும் மனமும் நொந்த நிலையில் வந்தவர். தேறியதும் அவரே கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். மேற்கு நாடுகளுக்கு ரெய்கி போய்ச் சேர்ந்தது அவர் வழியாகத்தான். ஆறுதல் தேடி வந்த ஒரு விதவைப் பெண்ணின் கைகளால்தான் அது கடல் கடந்தது.

அந்த அக்கா எங்களுக்கு முன்னரே முகாமிலிருந்து மீள்குடியேற்றத்துக்குப் போய்விட்டார். பிறகு அவரைச் சந்திக்கவில்லை. தம்பியைப் பற்றி இன்றுவரை பதில் இல்லை. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் உறவுகளைத் தேடும் தாய்மாரின் கொட்டகைக்கு அம்மா போய்வருவார். அங்கே யாராவது அழத் தொடங்கினால் அம்மா எதுவும் சொல்ல மாட்டார். எழும்பிப் போய், பக்கத்தில் இருந்து, முதுகில் கையை வைத்துக்கொள்வார். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால், முகாமில் ஒரு பிள்ளை செய்தவள் என்பார்.