படிகத்தை அளந்த கரியமாணிக்கம்

அம்பத்தூர்ப் பட்டறைகளில் பூட்டுக்கும் பொறிக்கும் வழுக்குப்பொருளாக இடப்படும் கிராபைட் பொடியை நம் மாணவர் பலர் அறிவர். அதன் உள்ளமைப்பு ஓலைச்சுவடிக் கட்டினை ஒத்தது. கரியணுக்கள் அறுகோணங்களாக இணைந்து ஏடுகளாகின்றன. ஏட்டினுள் அணுக்களின் இடைவெளி 1.42 ஆங்ஸ்ட்ராம், ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே 3.35 ஆங்ஸ்ட்ராம். இவ்வமைப்பின் காந்தப் பண்பை நுட்பமாக அளந்தவர் ஒரு தமிழர். கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் என்னும் அவர்தம் பெயரும் கரியுடன் பொருந்தியது வியப்பே.

1898 டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்த அவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னதிலேயே வேதியியல் செய்முறை ஆசிரியரானார். அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்தில் அன்று, நகரினுள் இருந்தது. நண்பகல் உணவு வேளையில் எத்துறை மாணவரும் எவ்வையத்தையும் எழுப்பலாம் என ஓர் அவையை அவர் நடத்தினார். வகுப்பு முடிந்ததும் விரையும் நம்மைப் போன்றோர் சற்று நாணத்தக்க செய்தி இது.

1920இல் கல்கத்தா சென்று, பின்னர் இராமனிடம் ஆய்வாளரானார். 1928இல் வெளிவந்த ஒளிச்சிதறல் கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. 1930இன் நோபல் பரிசு இராமன் ஒருவர்க்கே. இராமனின் துணைவர் என்ற அளவில் கிருஷ்ணனை நிறுத்திவிடுவது பலரது வழக்கம். அது பொருந்தாது என்பதற்கு அவருடைய டாக்கா ஆய்வே சான்று.

1928ஆம் ஆண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சேர்ந்தவர், படிகங்களை எடுத்துக்கொண்டார். பின்னர் அவர் வகுத்த முறை எளிது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகம் தொங்கும். சுற்றிலும் சீரான காந்தப்புலம். இழையின் மேல்நுனியைச் சிறுகச் சிறுகத் திருகினால், காந்தத்தின் பிடியில் உள்ள படிகம் தயங்கித் தயங்கித் திரும்பும். 45 பாகை எட்டியதும் சட்டெனப் புரண்டுவிடும். அதுவரை இழையைத் திருகிய கோணமே போதும்; படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். தட்டையான மூலக்கூறுகள் ஆந்த்ரசீன் போன்ற படிகங்களுள் எவ்வாறு சாய்ந்து கிடக்கின்றன என்பதை இவ்வகை அளவீடுகளால் அவர் உணர்த்தினார்.

கல்கத்தாவுக்கு 1933இல் பேராசிரியராக மீண்டபின் கிராபைட்டையும் ஆராய்ந்தார். ஏடுகளுக்குச் செங்குத்தான திசையில் அது காந்தத்தை எதிர்க்கும் ஆற்றல், ஏட்டின் திசையைவிடப் பன்மடங்கு மிகுதி. ஏட்டினுள் தடையின்றி உலவும் எலக்ட்ரான்களே அதற்குக் காரணம் எனக் கங்குலியுடன் 1941இல் விளக்கினார். அவ்வேட்டுள் ஒன்றைத் தனியே உரித்தெடுத்த கிராபீன் ஆய்வு, 2010இல் மான்செஸ்டர் அறிஞர் இருவர்க்கு நோபல் பரிசு ஈட்டித் தந்தது.

1940இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினரும், 1946இல் சர் பட்டம் பெற்றவருமான கிருஷ்ணன், 1947இல் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த புலமை உடையவர். 1961 ஜூன் திங்களில், அப்பொறுப்பில் இருக்கும்போதே தில்லியில் மறைந்தார்.