சம்பளம் இல்லாத விஞ்ஞானி

இந்த மாதம் சுவர் இதழில் அறிவியல் பக்கம் எழுத வேண்டியது என் முறை.

அணு அமைப்பு பாடம் நடத்தும்போது, எலக்ட்ரான்கள் கூடு கூடாக இருக்கும், முதல் கூட்டில் 2, அடுத்ததில் 8 என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க. வெளிக்கூடு நிரம்பிட்டா அந்த அணு யார் வம்புக்கும் போகாமல் அமைதியாக இருக்கும். நியான் அப்படித்தான். நான் எழுந்து, நடுவில் இருக்கிற அணுக்கருவுக்குள்ளேயும் கூடு இருக்கா டீச்சர்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் மட்டும் சிரிக்கலை. இருக்கு, அதைக் கண்டுபிடிச்சவங்களில் ஒருத்தர் பெண் என்று சொல்லி, படிக்கப் புத்தகம் கொடுத்தாங்க. அவங்கதான் மரியா கோப்பர்ட் மேயர்.

மரியா 1906 ஜூன் 28-ல் கட்டோவிட்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஜெர்மனி, இப்போது போலந்து. அப்பாவுக்குக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் வேலை கிடைத்ததால் 1910-ல் குடும்பமே அங்கே போய்விட்டது. மரியா ஒரே பிள்ளை. அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் கல்லூரிக்குப் போவதே அபூர்வம். பெண்களை நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்த பள்ளிக்கூடம் பணக் கஷ்டத்தால் பாதியிலேயே மூடப்பட்டது. மரியா பயப்படலை. ஒரு வருஷம் முன்னாடியே தேர்வு எழுதி பாஸ் பண்ணிட்டார்.

1924-ல் கணக்குப் படிக்கச் சேர்ந்தவர், மாக்ஸ் பார்ன் என்ற பெரிய விஞ்ஞானியின் பாடத்தைக் கேட்டு இயற்பியலுக்கு மாறினார். 1930-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஒரு அணு ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்களை விழுங்க முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். லேசர் வந்த பிறகு, 1961-ல்தான் அதைச் சோதனையில் நிரூபிச்சாங்க.

அதே 1930-ல் ஜோசப் மேயர் என்ற அமெரிக்க வேதியியலாளரைக் கல்யாணம் செய்து அமெரிக்கா போனார். அங்கேதான் கஷ்டம் ஆரம்பித்தது. கணவர் வேலை பார்க்கிற பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு வேலை தரமாட்டாங்களாம். பொருளாதார மந்தம் வேற. பால்டிமோரில் ஒழுங்கான வேலை கிடைக்கலை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் உட்கார இடம் கொடுத்தது, சம்பளம் கொடுக்கலை. 1946-ல் சிகாகோவில் பேராசிரியர் என்ற பெயர் கிடைத்தது, அங்கேயும் சம்பளம் இல்லை. பக்கத்தில் இருந்த ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் பாதி நேர வேலைக்கு மட்டும் சம்பளம் வந்தது. நடுவில் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார்.

இதை நான் வீட்டில் படிச்சுக் காட்டினேன். அம்மா பூ கட்டிக்கிட்டே, கூலி இல்லாத வேலைக்கு அந்தம்மா ஏன் தினமும் போனாங்கன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை.

சிகாகோவில் மரியா தனிமங்களின் பட்டியல்களைப் பார்த்துக்கிட்டே இருந்தார். புரோட்டானோ நியூட்ரானோ 2, 8, 20, 28, 50, 82 என்ற எண்ணிக்கையில் இருந்தால் அந்த அணுக்கரு ரொம்ப உறுதியாக இருந்தது. நியூட்ரானுக்கு 126-ம் உண்டு. இவற்றுக்கு மாய எண்கள் என்று பெயர். 50 புரோட்டான் உள்ள வெள்ளீயத்துக்குத்தான் நிலையான ஐசோடோப்புகள் அதிகம், மொத்தம் 10. காரீயம் 208-ல் 82 புரோட்டான், 126 நியூட்ரான். இரண்டுமே மாய எண்!

அணுக்கரு ஒரு தண்ணீர்த் துளி மாதிரி என்றுதான் அப்போது பலர் நினைச்சாங்க. கூட்டமான பஸ்ஸில் நாம் நகர முடியுமா? அதுபோல அவ்வளவு நெருக்கத்தில் துகள்கள் தனித்தனியாகச் சுற்ற முடியாது என்பது அவர்கள் எண்ணம். கூடு இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டாலும் 2, 8, 20 வரைதான் சரியாக வந்தது. அடுத்து 40, 70 என்று தப்பாகப் போனது.

ஒருநாள் ஃபெர்மி என்ற விஞ்ஞானி பேசிவிட்டுக் கிளம்பும்போது, துகளின் தற்சுழற்சிக்கும் அது சுற்றும் பாதைக்கும் தொடர்பு இருக்குமா என்று கேட்டார். மரியாவுக்கு உடனே பளிச்சென்று புரிந்துவிட்டது. வட்டமாகச் சுற்றி ஆடும் நடன ஜோடிகளை வைத்து அவர் விளக்குவாராம். ஒவ்வொரு ஜோடியும் பம்பரம் மாதிரி தானும் சுழலும், அறையையும் சுற்றிவரும். இரண்டும் ஒரே பக்கமாக இருந்தால் ஆடுவது சுலபம், எதிர்ப்பக்கமாக இருந்தால் கஷ்டம். அதுபோலத் துகளும் ஒரே பக்கமாகச் சுழன்றால் அதன் ஆற்றல் குறையும், எதிராகச் சுழன்றால் கூடும். இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 28, 50, 82, 126 எல்லாம் வரிசையாக வந்து நின்றன!

1949-ல் இதை வெளியிட்டார். அதே சமயம் ஜெர்மனியில் யென்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் இதையே தனியாகக் கண்டுபிடிச்சிருந்தாங்க. மரியா சண்டைக்குப் போகலை. யென்சனோடு சேர்ந்து 1955-ல் புத்தகமே எழுதினார்.

1960-ல்தான் சான் டியாகோவில் முழுச் சம்பளப் பேராசிரியர் ஆனார். டாக்டர் பட்டம் வாங்கி 30 வருஷம் கழித்து! போன கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்தது. அப்படியும் வேலையை விடலை. 1963-ல் நோபல் பரிசின் ஒரு பாதி விக்னருக்கும், மறுபாதி மரியாவுக்கும் யென்சனுக்கும் கிடைத்தது. உள்ளூர்ப் பத்திரிகையோ நம்ம ஊர் அம்மாவுக்குப் பரிசு என்கிற மாதிரி தலைப்புப் போட்டது. இயற்பியலில் 1903-ல் மேரி கியூரிக்குப் பிறகு பரிசு பெற்ற இரண்டாவது பெண் இவர். மூன்றாவது பெண் வர 2018 ஆனது. மரியா 1972 பிப்ரவரி 20-ல் காலமானார்.

இப்போ அம்மாவுக்குப் பதில் சொல்லிட்டேன். தெரிஞ்சே ஆகணும் என்ற ஆசையில்தான் மரியா தினமும் போனாங்க என்றேன். அம்மா யோசிச்சுட்டு, தெரிஞ்சுக்க ஆசைப்பட்டது சரி, ஆனா கூலி கொடுக்காதது தப்புதான்னு சொன்னாங்க.

இரண்டுமே சரி என்று எனக்குத் தோணுது. இனி வகுப்பில் யாராவது சிரிச்சாலும் நான் கேள்வி கேட்பேன். நீங்களும் கேளுங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி